புஷ்பராணி அக்கா ஊதிய காலைகள்

எஹலியகொடப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் மேசையைப் போட்டு, மூச்சை அளக்கும் மெஷினைத் துடைத்துவிட்டு, முதல் ஆளைக் கூப்பிட வாயைத் திறந்த நேரத்தில் என் ஃபோன் அடித்தது. திரையில் சாந்தியின் பெயரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சாந்தி, புஷ்பராணி அக்காவின் தங்கை. ஒருநாளும் தானாக எனக்கு ஃபோன் எடுத்தவள் அல்ல. "பரீனா மிஸ், அக்கா போயிருச்சு. விடிய தேத்தண்ணி குடுக்கப் போனேன்..." என்று தொடங்கியவளுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வரிசையில் முன்னுக்கு நின்ற பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேணாம் மிஸ். நாங்க எங்க போயிறப் போறோம், இன்னொரு நாளைக்கு ஊதுறோம்" என்றார். அந்த மனிதர் அக்காவைக் கண்டதே இல்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மெஷினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

இதை வாசிக்கப் போகிறவர்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். அவர் பிறந்த ஓப்பநாயக்கத் தோட்டத்து மக்கள், இரத்தினபுரிக்கு மூச்சு கிளினிக்குக்கு வந்துபோகிறவர்கள், எங்கள் குழுவில் இருந்து இப்போது வெவ்வேறு ஊர்களில் வேலை செய்கிறவர்கள். தெரியாதவர்களுக்காக இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மக்களுக்கு நாட்பட்ட நுரையீரல் நோய்கள் ஏன் வருகின்றன, அடுப்புப் புகையாலா, தேயிலைத் தூசியாலா, சுருட்டாலா, வேறு ஏதாவது காரணத்தாலா என்று தேடுகிற மருத்துவ ஆராய்ச்சி எங்களுடையது. அதை நடத்துபவர் நெஞ்சு நோய் பார்க்கும் ஒரு சிங்கள டொக்டர். மூச்சை அளக்கும் மெஷினை இயக்குவது என் வேலை. நான் எஹலியகொட டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பெண். புஷ்பராணி அக்கா எங்கள் களப் பணியாளர். லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, தோட்டத்துத் தொழிற்சாலையில் சில வருடம் தேயிலை சலித்து, பிறகு பிடிவாதமாகப் படித்து இந்த வேலைக்கு வந்தவர். ஆட்களைக் கூட்டிவருவதும் அவர்களை ஊத வைப்பதும் அவர் பொறுப்பு.

ஊத வைப்பது என்றால் லேசான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, வெடித்தாற்போல ஊத வேண்டும். ஊதி, உள்ளே சொட்டும் மிச்சமில்லை என்று தோன்றிய பிறகும் ஊத வேண்டும். அப்போதுதான் திரையில் எழும்பும் கோடு உண்மையைச் சொல்லும். பக்கத்தில் ஒருவர் நின்று தொண்டை கிழியக் கத்தாவிட்டால் பாதிப் பேர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். எனக்கோ அந்நிய ஆண்களுக்கு முன்னால் குரல் எழும்பாது. எங்கள் வீட்டில் அப்படி வளர்த்திருந்தார்கள். முதல் வாரம் நான் முனகியதைக் கேட்டுவிட்டு அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "என்னா புள்ள, தொட்டில்ல கெடக்குற பிள்ளைக்குப் பாடுற மாதிரி பாடுற? வெக்கப்பட்டா மூச்சு வராது. நகரு." அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் களத்தில் மேய்ந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தமிழ் ஆட்களுக்குத் தமிழில் கத்துவார். சிங்கள ஆட்கள் வந்தால், "பிம்பின்ன, பிம்பின்ன, தவ, தவ!" என்று அதே வேகத்தில் சிங்களத்தில் கத்துவார்; ஊதுங்க, இன்னும், இன்னும் என்று. ஊதி முடித்தவர் கண்ணில் நீர் வழிய இருமும்போது, முதுகைத் தடவி, "சாமி, நல்லா ஊதினீங்க" என்பார். நாட்டாமை செய்த வாய்க்குள் அத்தனை மென்மை எங்கே இருந்தது என்று எனக்கு விளங்கியதே இல்லை.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருமி இருமிக் கூனிப்போன பெரியவர் ஒருவர் அன்று ஊத வேண்டும். அவருடைய பெயருக்கு வந்து உட்கார்ந்தவர் அவருடைய மருமகன். மாமனாரின் தொப்பி, மாமனாரின் கம்பளிச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துவாய். ஊதினார் பாருங்கள், கோடு திரையைத் தாண்டிப் போகப் பார்த்தது. பந்து விளையாடுகிறவனுக்கு வரும் மூச்சு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது, விரட்டியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினார். "தம்பி, கல்யாண வீட்டுக்கு ஆள் அனுப்பலாம். மூச்சு விடவும் ஆள் அனுப்புறதா?" என்றார். வரிசையே சிரித்தது. அந்தப் பையனும் சிரித்து, துவாயால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் மட்டும் அல்ல, அந்தத் தோட்டத்தில் பலர் இப்படி ஆள் மாற்றி அனுப்பியிருந்தார்கள். நோயாளி என்று தெரிந்தால், வேலைக்காரர் பெயர்ப் பதிவான செக்ரோலில் இருந்து பெயரை வெட்டிவிடுவார்கள், வேலை போய்விடும் என்ற பயம். அக்கா பின்னேரம் அந்தப் பெரியவரின் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனார். சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டார், ஊர்க்கதை பேசினார், வந்துவிட்டார். பிறகு நேராகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் அலுவலகத்துக்குப் போய், "அய்யா, யாரு பேரும் ஆபீசுக்கு வராதுன்னு நீங்களே பெரட்டுல சொல்லிருங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க" என்று நின்றார். துரை சொன்னார். மறுநாள் பெரியவர் தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு தானே வந்து ஊதினார். இன்றைக்கும் கிளினிக்குக்கு வந்து மருந்து எடுக்கிறார்.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அளவு தெரிந்த காற்றைப் பெரிய ஊசிக்குழாய் ஒன்றால் அதற்குள் தள்ளிப் பார்ப்பது. மற்றது, நல்ல சுகத்தோடு இருக்கும் ஓர் ஆள் தினமும் காலையில் ஊதுவது. அந்த ஆளின் கோடு நேற்றுப்போல இன்றும் இருந்தால் மெஷினை நம்பலாம். எங்கள் குழுவில் அந்த ஆள் அக்காதான். சுருட்டைத் தொடாதவர், தடிமன் காய்ச்சல் என்று படுக்காதவர், எங்கள் எல்லோரையும் விடப் பெரிய மூச்சுக்காரி. ஆட்கள் வருவதற்கு முன்னால், கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்காருவார். ஊதுவார். கோட்டைப் பார்த்துவிட்டு, "மெஷினுக்கு சுகந்தான் புள்ள, ஆரம்பி" என்பார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வேலை நாள் தொடங்கும்.

மழை பிடித்த ஒரு பருவத்தில் அந்தக் கோடு கொஞ்சம் இறங்கியது. மலை ஈரம் என்றோம். வடிகட்டியை மாற்றினோம். குழாயை மாற்றினோம். இன்னும் இறங்கியது. ஊசிக்குழாயால் காற்றைத் தள்ளிப் பார்த்தால் மெஷின் சரி என்றது. அப்படியானால் ஊசிக்குழாய்தான் பழுது என்று அக்காவே தீர்ப்புச் சொன்னார். "இந்தச் சனியன் பொய் சொல்லுது புள்ள" என்று மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். நானும் சேர்ந்து ஏசுவேன். டொக்டருக்கு எரிச்சல் வந்து இரண்டையும் கொழும்புக்கு அனுப்பினார். அந்த நாட்களில் நாங்கள் மேட்டு லயங்களுக்கு ஏறும்போது அக்கா வழியில் நின்று, "அங்கிட்டு பாரு புள்ள, மழ எறங்கி வர்ற அழக" என்று காட்டுவார். நானும் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கொஞ்சத் தூரம் போனதும், "இங்கன பாரு, அந்த மரத்த" என்பார். இத்தனை வருடம் ஏறி இறங்கிய மலை, திடீரென்று இவருக்கு ஏன் இவ்வளவு அழகாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் நின்றது மூச்சு வாங்க. யா அல்லாஹ்.

கொழும்பிலிருந்து மெஷின் திரும்பி வந்தது. ஒரு குறையும் இல்லையாம். முதலில் நான் ஊதினேன். வழக்கமாக எனக்கு வரும் கோடு வந்தது. வேன் சாரதி ஊதினார், அவருக்கும் அப்படியே. பிறகு அக்கா கொண்டையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஊதினார். மறுபடியும் ஊதினார். மூன்றாவது முறை ஊதி முடிக்கும் முன்பே இருமல் வந்துவிட்டது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார். எத்தனையோ பேரின் கோட்டைப் பார்த்து, "பயப்படாதீங்க சாமி, டொக்டரக் காட்டலாம்" என்று சொன்ன பெண் அவர். தன் கோட்டைப் பார்த்துவிட்டு, குழாயைக் கழற்றி, மெதுவாக மேசையில் வைத்தார். "மெஷினுக்கு சுகந்தான் புள்ள," என்றார். "எனக்குத்தான் சுகமில்ல."

நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். பாத்திரம் கழுவும் பஞ்சு காய்ந்து விறைத்துப்போவது போல என்று டொக்டர் சொன்னார். அது திரும்பவும் மென்மையாகாது. இறுகுவதைத் தாமதப்படுத்த மட்டும்தான் பார்க்கலாம். அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: "எதனால சேர் வந்திச்சு?" டொக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. தமிழில் சொல்லச் சொற்களைத் தேடி, முடியாமல், சிங்களத்தில் சொன்னார், உறுதியாகச் சொல்ல முடியாது புஷ்பா, பல காரணம் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்று. அதே காரணத்தைத் தேடித்தான் நாங்கள் எல்லோரும் மலை மலையாக ஏறினோம். எங்கள் வீட்டுக்குள்ளேயே நோய் வந்து உட்கார்ந்தபோது எங்களிடம் பதில் இல்லை. எனக்கு அந்த ஆராய்ச்சி மேலேயே வெறுப்பு வந்தது.

வேனில் திரும்பி வரும்போது, "கேள்வி கேளு" என்றார். "என்ன கேள்வி அக்கா?" "எல்லார்கிட்டயும் கேக்குறோமில்ல, அது. என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே." எனக்கு மனப்பாடம். வீட்டில் என்ன அடுப்பு? "வெறகு அடுப்பு. பொறந்ததுல இருந்து." சமைக்கும்போது புகை எங்கே போகும்? "எங்க போகும், எங்க மேலதான்." இரவில் எங்கே படுப்பீர்கள்? "அடுப்புக்குப் பக்கத்துல. குளிருல வேற எங்க படுக்குறது? நானு, தங்கச்சி, ஒரே போர்வ." தூசியில் வேலை செய்திருக்கிறீர்களா? "தேயில சலிச்சேன். ராவுல துப்பினா எச்சி கறுப்பா வரும்." புகைப்பழக்கம்? "அது ஒண்ணுதான் பாக்கி, இனிமே ஆரம்பிக்கவா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கியதும் வெளியே பார்த்துக்கொண்டு, "பரீனா, சாந்தி இன்னமும் அந்தச் சலிக்கிற அறையிலதான் இருக்கா. அவளும் காலையில இருமுறா" என்றார். அன்றிலிருந்து அவருக்குத் தன் நோய் இரண்டாம் பட்சமாகிவிட்டது. சாந்தியை ஊத வைக்க வேண்டும். நோய் வருகிறதென்றால் முற்றுமுன் பிடிக்க வேண்டும், தூசியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் இதைப் பற்றித்தான்.

சாந்தி மாட்டேன் என்றாள். அவள் மட்டும் அல்ல. அக்காவின் சொந்த லயமே மாட்டேன் என்றது. காரணத்தைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. அக்காவின் மூச்சை மெஷின் எடுத்துவிட்டதாம். "தினம் விடிஞ்சா மெஷினுக்கு மூச்சக் குடுத்தா? வருசக் கணக்கா குடுத்தா? பொறகு உள்ள என்னா மிச்சம் இருக்கும்?" என்று ஒரு பெண் என்னிடமே கேட்டாள். மற்றவர்கள் ஒருமுறை ஊதிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் ஒன்றும் ஆகவில்லை; புஷ்பராணி தினமும் ஊதினாள், அதனால்தான் இப்படி. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும், அதுதான் கொடுமை. சாந்தி இன்னும் நேராகச் சொன்னாள்: "எங்கக்காவ வாங்கினது போதாதா மிஸ்? என்னையும் கேக்குதா அது?"

நான் ஏசினேன். படித்துப் படித்துச் சொன்னேன், படம் கீறிக் காட்டினேன், காற்று வெளியே போனால் உடனே உள்ளே வரும், மூச்சு ஒன்றும் பானையில் இருக்கும் அரிசி இல்லை என்று கத்தினேன். என் குரல் அந்த நாட்களில்தான் எழும்பப் பழகியது. அக்கா காதில் விழுந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஏசாத புள்ள. அவங்க என்னைய நெனச்சுத் துடிக்கிறாங்க. அந்தத் துடிப்புல கணக்குப் பெசகிப் போச்சு, அவ்வளவுதான். நீ ஈக்கி, ஈக்கின்னு எவ்வளவு கத்தினாலும் ஏறாது" என்று என் பேச்சைப் பழித்துக் காட்டினார். எங்கள் முஸ்லிம் ஆட்கள் 'இருக்கு' என்பதை அப்படிச் சொல்வதில் அவருக்கு எப்போதும் ஒரு கேலி. மூச்சு முட்டும்போதும் அந்தக் கேலியை விடவில்லை.

பிறகு ஒருநாள் அவரே வந்தார். டொக்டர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. ஒட்சிசன் சிலிண்டரைச் சாந்தியின் புருசன் தூக்கிவர, மூக்கில் குழாயோடு, தன் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சனம் கூடியது. "மூச்ச மெஷின் எடுக்கல," என்றார். நிறுத்தினார். "மெஷின் சொல்லிச்சு. ரொம்ப நாளா சொல்லிச்சு." நிறுத்தினார். "நாந்தான் அது பொய் சொல்லுதுன்னு அடிச்சேன். கேட்டிருந்தா கொஞ்சம் முந்திப் போயிருப்பேன் ஆஸ்பத்திரிக்கு. நீங்க கேளுங்க." ஒரு காலத்தில் ஆட்டைக் கயிறறுத்து ஓட வைத்த குரல், முதல் வரிசையைத் தாண்டவில்லை. ஒருத்தி ஓடிப்போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். இன்னொருத்தி தன் சால்வையை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள். ஒரு கிழவி அவர் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டாள். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் குழாயைத் தொட ஒருவரும் வரவில்லை. சாந்தி தொழிற்சாலைச் சுவர் ஓரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

அன்று வேனில் அக்கா அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அழுவதற்கும் மூச்சு வேண்டும் அல்லவா? அது அவரிடம் இல்லை. விசும்பல் பாதியில் நின்று, வாய் திறந்தபடி, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன்போலத் தவித்தார். நான் சிலிண்டரைத் திருகி, முதுகைத் தடவினேன். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. லயத்துச் சனத்தின் மேலா, அடுப்பின் மேலா, தேயிலையின் மேலா? எல்லாவற்றின் மேலும் கோபப்பட்டேன். இன்றும் அது தீரவில்லை.

கடைசி மாதங்களில் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் நான் போய்ப் பார்ப்பேன். அவருக்கு ஒரு வாக்கியம் பேச இரண்டு மூச்சு தேவைப்பட்டது. கரண்ட் போனால் ஒட்சிசன் மெஷின் நின்றுவிடும் என்று, சிலிண்டரைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சாந்திதான் குளிப்பாட்டினாள், ஊட்டிவிட்டாள், தலை வாரினாள். ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாமல் எல்லாம் செய்தாள். ஊதுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். நான் கடைசியாகப் போன அன்று, சாந்தி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து அக்கா என் விரலைப் பிடித்தார். "சாந்திய மட்டும்... எப்படியாச்சும்... ஊத வச்சிரு. ஏசி வேணாம். இழுத்து வேணாம். அதுவா வரணும்." நான் தலையாட்டினேன். எப்படி என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அவரை அடக்கம் செய்த அன்று தப்பு அடித்தார்கள். ஊர்வலம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கிப் போனது. நான் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்றேன். பெண்கள் என்னை முன்னுக்கு இழுத்து, சாந்திக்குப் பக்கத்தில் விட்டார்கள். சாந்தி ஒப்பாரி வைத்தாள். நடுநடுவே இருமினாள். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நான் மண்ணைப் பார்த்தபடி நின்றேன். அக்காவிடம் தலையாட்டிய பொய்க்காரி நான் என்று தோன்றியது.

கருமாதி முடிந்து சில நாட்கள் கழித்து, சாந்தி இரத்தினபுரிக்குத் தனியாக பஸ் ஏறி வந்தாள். கிளினிக் முடிந்து நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவருகே நின்றவள் உள்ளே வரவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "மிஸ், அக்கா மூச்சு இதுக்குள்ளதான இருக்கு?"

வாயைத் திறந்துவிட்டேன். மூச்சு உள்ளே தங்காது, இதில் இருப்பது வெறும் எண்கள் என்று சொல்லத்தான் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்கா ஊதிய காலைகளைத் திரையில் திறந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் எழுந்து வந்தன. "இது பூராவும் அக்காவா?" "அக்காதான். ஒரு கோடு ஒரு காலை." சாந்தி கிட்ட வந்தாள். மேலே இருந்த கோட்டில் விரலை வைத்தாள். "இது எப்ப?" "வேலைக்கு வந்த புதுசுல." "எவ்வளவு ஒசரமா இருந்திருக்கா..." விரல் ஒவ்வொரு கோடாகக் கீழே இறங்கியது. கடைசிக் கோட்டில் நின்றது. "இவ்வளவுக்குப் பொறகும் மல ஏறினாளா?" "ஏறினாங்க." அவள் அந்தக் கடைசிக் கோட்டைத் தடவினாள், குழந்தையின் தலையைத் தடவுவதுபோல. வெகுநேரம் தடவினாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "குழாயக் குடுங்க" என்றாள்.

புதுக் குழாயை மாட்டிக் கொடுத்தேன். அவள் ஊதினாள். நான் கத்தினேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் ஓடிவரும் அளவுக்குக் கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன், சாந்தியும் அழுதுகொண்டே ஊதினாள், அப்படி ஊதியது கணக்கில் சேராது என்பதால் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் ஊதினாள். சாந்தி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்: அவளுடைய கோடு இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. ஆனால் அக்காவின் கடைசிக் கோட்டுக்கு மிக மேலே இருக்கிறது. டொக்டர் உடனே மருந்து தொடங்கினார். தோட்டத்துத் துரையோடு பேசி, அவளைச் சலிக்கும் அறையிலிருந்து வெளியே எடுத்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளை மடுவத்தில் வேலைக்குப் போட்டார்கள். பெயர் செக்ரோலில் அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் அந்த லயத்திலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். புஷ்பராணியின் மூச்சைப் பார்க்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். காட்டினேன். பார்த்துவிட்டு ஊதினார்கள்.

முதன்முதல் ஊதிய அன்று, புறப்படும்போது சாந்தி வாசலில் திரும்பி நின்று, "இப்ப என் மூச்சும் அக்கா மூச்சும் ஒண்ணாத்தான இருக்கும்?" என்று கேட்டாள். "ஒண்ணாத்தான் ஈக்கி" என்றேன்.

நான் இந்த வேலைக்குப் படித்தவள். மெஷினுக்குள் யாருடைய மூச்சும் தங்காது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் அந்தச் சனத்தோடு அத்தனை நாள் சண்டை பிடித்தேன். இப்போது காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் ஊதுவது நான். உட்காருவதற்கு முன் அந்தப் பெட்டியின் மேல் ஒரு நிமிடம் கையை வைத்துக்கொள்கிறேன். உங்களில் ஒவ்வொருவரும் புஷ்பராணி அக்காவிடமிருந்து ஒன்றை எடுத்து வைத்திருப்பீர்கள். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த லயத்து மக்கள் சொன்ன பிழையான கதையை. அவருடைய மூச்சு இதற்குள் இருக்கிறது. தயவுசெய்து யாரும் என்னைத் திருத்த வராதீர்கள்.